கரட்டுக் கோடுகள் கூறும் செய்தி

மார்கழி பிறப்பதற்கு முன்னரே நம் மகளிர் கோல நோட்டை வெளியே எடுத்துவிடுகின்றனர். பள்ளிப் பிள்ளைகள் எழுதியது போக எஞ்சிய தாள்களே பெரும்பாலும் அந்நோட்டாக அமைந்திருக்கும். ஒரு பக்கத்தின் தலைப்பில் ‘15 புள்ளி, இடைப்புள்ளி, 8 வரை’ என்ற குறிப்பு இருக்கும். அதன்கீழ்ப் பென்சிலால் இட்ட புள்ளிகளும், அவற்றை வளைத்தோடும் கோடும் இருக்கும். ஓரிடத்தில் கோட்டை இரண்டு மூன்று முறை அழித்து எழுதியதனால் காகிதம் நைந்திருக்கும். வளைவு எந்தப் புள்ளியில் தவறிற்று, எங்கிருந்து மீண்டும் தொடங்கப்பட்டது என்பதை அந்த நைந்த இடம் நமக்குச் சொல்லிவிடுகிறது. வாயிலில் இட்ட கோலத்தைக் காண்பவர் அதன் அழகைக் காண்பர். நோட்டைக் காண்பவரோ அக்கோலம் உண்டான வழியைக் காண்பர். வாயிற்கோலம் நண்பகலுக்குள் காலடியில் கலைந்துவிடும். நோட்டோ தாயிடமிருந்து மகளுக்குச் சென்று சேரும்.

ஓவியர்கள் செம்மையான படத்தை எழுதுமுன் தமக்கென்று கீறிக்கொள்ளும் முதற்கோடுகளை ஈண்டுக் ‘கரட்டுக் கோடுகள்’ என்று குறிப்போம். பட்டறைகளில் இதனை ‘ரஃப்’ என்று சொல்வது வழக்கம். இது சித்திரக்காரர்களின் விஷயமாயிற்றே, தறியிலும் வயலிலும் உழைக்கும் நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று அங்கத்தினர் சிலர் வினவக்கூடும். சேலையின் முந்தியும், புட்டாவும், கைலியின் கட்டமும் முதலில் ஒரு துண்டுக் காகிதத்தில் பென்சில் கோடாகவே பிறக்கின்றன. அக்காகிதம் துணி தறியிலிருந்து இறங்கியதும் குப்பைக்குப் போய்விடுகிறது. அதனோடு என்னென்ன போகிறது என்பதை ஆராய்வதே நமது நோக்கம்.

முதலில் நம் மாவட்டத்துச் சிதம்பரத்தை நோக்குவோம். தில்லைத் திருக்கோயிற் கோபுர வாயில்களில் பரதநூல் கூறும் 108 கரணங்கள் செதுக்கப்பட்டுள்ளன. கிழக்குக் கோபுரத்தில் அவ்வக் கரணத்திற்குரிய சுலோகமும் கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. எண்ணற்றோர் இவற்றைக் கண்டு வியந்திருக்கின்றனர். ஆயின் இவை முற்றுப்பெற்ற வேலைகள். சிற்பி எங்குத் தொடங்கினான், எதனை அளந்தான், எதனை மாற்றினான் என்பதை இச்சிற்பங்களிடம் கேட்டால் அவை விடை கூறமாட்டா. உளியின் தடத்தை உளியே தேய்த்து மறைத்துவிட்டது.

தஞ்சைப் பெரிய கோயிலில் நிலைமை வேறு. அங்கு விமானத்தின் மேல்தளச் சுற்றில் 108 கரணங்களையும் அமைக்கத் திட்டமிட்டனர். 81 மட்டும் செதுக்கப்பட்டன. எஞ்சிய 27க்கும் உரிய கற்கள் ஒன்றும் செதுக்கப்பெறாமல் வெறுமையாகச் சுவரில் நிற்கின்றன. வேலை ஏன் நின்றது என்பதைப் பற்றி அறிஞர் பலவாறு கூறுவர். அஃது இங்கு நமக்கு வேண்டுவதன்று. அந்த வெற்றுக் கற்கள் நமக்கு ஓர் உண்மையை உணர்த்துகின்றன. கல்லைச் சமன்செய்து சுவரில் ஏற்றிப் பதித்துவிட்டு, அதன் பின்னரே நின்ற இடத்தில் உருவத்தைச் செதுக்கியிருக்கின்றனர். மாமல்லபுரத்து முடிவுறாத குகைகளிலும் இத்தகைய செய்தி உண்டு. பாறையைக் கட்டங்கட்டமாக வகுத்துச் சால் வெட்டி, இடையில் நின்ற கட்டிகளைப் பெயர்த்தெடுத்த முறை அங்கு இன்றும் கண்ணுக்குப் புலனாகிறது. நிறைவுற்ற பொருள் மறைக்கின்றதை நிறைவுறாத பொருள் காட்டிக்கொடுக்கிறது.

சுவரோவியங்களும் இவ்வாறே. சிதம்பரத்தில் சிவகாமியம்மை சந்நிதியின் முன்மண்டப விதானத்தில் நாயக்கர் காலத்து ஓவியங்கள் உள்ளன. பிட்சாடனர், மோகினி கதையை அவற்றில் காணலாம். இத்தகைய ஓவியங்களை எழுதியோர், சுண்ணச் சாந்துப் பூச்சின்மேல் முதலில் காவியால் மெல்லிய கோடு இழுத்து, பின் வண்ணம் நிரப்பி, இறுதியில் அழுத்தமான கோட்டால் உருவத்தை எடுத்துக்காட்டினர். முதற்கோடு வண்ணத்தின் அடியில் புதைந்துவிடும். வண்ணம் உதிர்ந்த இடத்திலேயே அது மீண்டும் தலைகாட்டும். சிதைவைக் கண்டு நாம் வருந்துகிறோம். ஆயினும் அந்தச் சிதைவிலேதான் எழுதியவனின் கை தெரிகிறது என்பதும் உண்மை.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து வரலாற்று ஆசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி அவர்கள் 1931ஆம் ஆண்டு தஞ்சைப் பெரிய கோயிலின் இருண்ட திருச்சுற்றில் நாயக்கர் கால ஓவியப் படலத்தின் அடியில் சோழர் கால ஓவியங்கள் இருப்பதைக் கண்டறிந்தார். மேற்பூச்சு உதிர்ந்த இடங்கள் அவருக்கு வழிகாட்டின. தில்லைக் கூத்தனை அரசன் வழிபடும் காட்சியும் அவ்வோவியங்களில் ஒன்றாகும். ஒரு வேலையின் அடியில் வேறொரு வேலை இருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்க்கும் கண் இருந்தமையால் அன்றோ அது கிடைத்தது! இக்காலத்தில் இதற்குக் கருவிகளும் வந்துவிட்டன. அகச்சிவப்புக் கதிர் பல வண்ணங்களை ஊடுருவிச் செல்லும். கரியில் பட்டால் உறிஞ்சப்படும். ஆதலின் கரியாலோ பென்சிலாலோ இட்ட அடிக்கோடு, மேலே வண்ணம் பூசியிருப்பினும், அத்தகைய படத்தில் கருத்துத் தோன்றும். 1960களில் ஐரோப்பாவில் செம்மைப்படுத்தப்பட்ட இம்முறையால், பல புகழ்பெற்ற ஓவியங்களில் கையின் நிலையும் முகத்தின் சாய்வும் இடையில் மாற்றப்பட்டமை தெரியவந்துள்ளது.

இனிக் கடலூர்ப் பக்கம் வருவோம். ஓவியக் கலையும் துணித் தொழிலும் ஒன்றாகக் கலந்திருந்த கரை இது. பரங்கிப்பேட்டையிலும் தேவனாம்பட்டினத்திலும் டச்சுக்காரர், 1690இல் புனித டேவிட் கோட்டையை விலைக்கு வாங்கிய ஆங்கிலேயர், வடக்கே புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் என்று ஐரோப்பிய வணிகர் பலரும் இக்கரையில் வந்து குடியேறியதற்கு நம் துணியே முதற்காரணம். (கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு சென்று விழுந்த எல்லை வரை ஆங்கிலேயருக்கு உரிமையாயிற்று என்பதும், அவ்வூர்கள் ‘குண்டு கிராமங்கள்’ எனப் பெயர்பெற்றதும் கடலூர்வாசிகள் அறிந்தவையே.) வெண்மைத் துணிகளோடு, கையால் எழுதிச் சாயமேற்றிய பருத்தித் துணிகளும் கப்பலேறின. அவற்றின் மோகம் ஐரோப்பாவில் எவ்வளவு பெருகிற்றெனில், தம் நாட்டு நெசவாளரைக் காக்க வேண்டிப் பிரான்சு 1686இலும், இங்கிலாந்து 1701இலும் 1721இலும் தடைச்சட்டம் பிறப்பித்தன.

அத்துணிகளை எழுதிய முறை நம் பாடத்திற்கு நெருங்கிய தொடர்புடையது. துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்தி, கட்டையால் அடித்து வழவழப்பாக்குவர். பாலின் கொழுப்பு, பின்னர் எழுதும் கோடு துணியில் பரவாமல் தடுக்கும். இதன் பின் சித்திரக்காரர் ஒரு தாளில் படத்தை எழுதி, அதன் கோடுகளின்மேல் நுண்ணிய ஊசியால் நெருக்கமாகத் துளையிடுவர். அத்தாளைத் துணியின்மேல் விரித்து, கரித்தூளைக் கட்டிய சிறு பொட்டணத்தால் தட்டினால், துளை வழியே தூள் இறங்கித் துணியில் புள்ளி வரிசையாகப் படம் தோன்றும். அந்தப் புள்ளிகளைத் தொடர்ந்து எழுதுகோலால் கோடு இழுப்பர். கருமை வேண்டும் இடத்தில் இரும்புத் துண்டுகளைப் புளித்த நீரில் ஊறவைத்து எடுத்த சாறு. அது துணியிலுள்ள கடுக்காய்ச் சத்தோடு சேர்ந்து கறுக்கும். சிவப்பு வேண்டும் இடத்தில் படிகார நீர். அப்படிகாரம் பட்ட இடத்திலேயே சாயவேரின் சிவப்பு பற்றும். நீலத்திற்கு, ஏனைய இடங்களை மெழுகால் மூடி அவுரிச் சாடியில் தோய்ப்பர். சாயவேர் இக்கரையின் மணற்பாங்கான நிலத்தில் விளைந்தது. அவுரி பழைய தென்னார்க்காட்டு வேளாண்மக்களின் பயிர். உழவரும் நெசவாளரும் சித்திரக்காரரும் ஒரே துணியில் கூடிய காலம் அது.

துளையிட்ட தாள் ஒருமுறைக்கு மட்டும் உரியதன்று. பலமுறை தட்டலாம், புரட்டி வைத்துத் தட்டினால் எதிர்ப்படிவமும் கிடைக்கும். ஆகவே இருபுறமும் ஒத்த மரமோ கொடியோ எழுத வேண்டின் பாதிப் படம் போதும். கரித்தூளோ துவைத்தவுடன் போய்விடும்; தாளும் பலமுறை தட்டுண்டு கிழிந்துபோகும். இப்போது நாம் வருந்தத்தக்க ஒரு செய்தியைக் கூறியாக வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் இவ்வேலை நடந்த வகையைப் படிப்படியாக அறிய விரும்புவோர், அதனைச் செய்த நம்மவரின் ஏடுகளை நாடுவதில்லை. இரண்டு பிரெஞ்சுக்காரர்களின் குறிப்புகளையே நாடுகின்றனர். ஒருவர் 1734ஆம் ஆண்டளவில் புதுச்சேரிக்கு வந்த கப்பற்படை அதிகாரி பொலியே என்பவர். அவர் சித்திரக்காரர் ஒருவர் வேலை செய்யும்போது உடனிருந்து கண்டதை எழுதியதோடு, ஒவ்வொரு படி முடிந்ததும் துணியில் ஒரு துண்டு வெட்டிச் சேர்த்துக்கொண்டார். அத்துண்டுகளோடு கூடிய கையேடு இன்று பாரிசு மாநகரின் இயற்கை வரலாற்றுக் காட்சிச்சாலையில் இருக்கிறது. மற்றவர் கேர்தூ என்னும் இயேசு சபைத் துறவி. வடமொழிக்கும் இலத்தீனுக்கும் உள்ள உறவை எடுத்துக்காட்டியவரும் இவரே. இவர் தம்மால் ஞானஸ்நானம் பெற்ற சாயத் தொழிலாளரிடம் கேட்டறிந்து 1742ஆம் ஆண்டு சனவரியில் எழுதிய கடிதம் அச்சேறி, ஐரோப்பியப் பட்டறைகளுக்கு நம் முறையை எடுத்துச் சென்றது.

பொலியே செய்தது என்ன? முடிந்த துணியை எவரும் கடையில் வாங்கலாம். அவர் முடியாத துணியை விரும்பினார். ஒரு தொழிலின் அறிவு முடியாத நிலைகளில் தங்கியிருக்கிறது என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். நம் முன்னோர்க்கும் அது தெரியாததன்று. அவர்களுக்கு அது கையிலும் நினைவிலும் இருந்தமையால் தாளில் வைக்கத் தோன்றவில்லை, அவ்வளவே.

பென்சில் பிற்காலத்தது. கருப்பீயம் என்று தவறாகப் பெயர்பெற்ற கிராஃபைட்டு, ஈயமன்று; கரியின் ஒரு வகை. 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் போரோடேல் பள்ளத்தாக்கில் தூய கட்டியாகக் கிடைத்த அதனை அறுத்து எழுதப் பயன்படுத்தினர். 1795இல் பிரெஞ்சுக்காரராகிய கோந்தே, கிராஃபைட்டுத் தூளைக் களிமண்ணோடு பிசைந்து சுட்டுக் குச்சியாக்கும் வழியைக் கண்டார். களிமண் மிகுந்தால் கோடு கடினமாகவும் வெளிறியும் விழும். குறைந்தால் மென்மையாகவும் கறுத்தும் விழும். நம் நாட்டில் சிவகங்கைப் பகுதியில் கிராஃபைட்டு வெட்டி எடுக்கப்படுகிறது. தில்லைக் கூத்தனின் பெயரையே தாங்கிய பென்சிலைப் பம்பாய்க் கம்பெனி ஒன்று செய்ய, நம் பிள்ளைகள் பல தலைமுறைகளாக அதனைக் கடித்துக் கடித்துப் படித்து வருகின்றனர்!

பென்சிலின் சிறப்பு மூன்று பண்புகளில் அடங்கும். கை அழுத்தத்திற்கேற்பக் கோடு வெளிறும், கறுக்கும். அழித்தால் பெரும்பாலும் மறையும். ஆனால் முழுதும் மறையாது. நிறமோ வெயிலில் வெளுக்காது. இம்மூன்றினாலும் பென்சில் கோடு, கையின் தயக்கத்தையும் துணிவையும் ஒருங்கே பதித்துவைக்கும் சாட்சியாகிறது. ஒரு வளைவுக்குப் பக்கத்தில் ஐந்தாறு வெளிறிய கோடுகள் இருந்து, அவற்றுள் ஒன்றுமட்டும் கறுத்திருந்தால், எழுதியவர் ஐந்து வழிகளைத் தேடி ஒன்றைத் தேர்ந்தார் என்பது பொருள். ஒரு கோட்டின்மேல் மற்றொரு கோடு ஏறிச் செல்லுமிடத்தில் எது முன், எது பின் என்று பிரித்தறியலாம். நிழலுக்காக இழுக்கும் சாய்கோடுகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பதிலிருந்து எழுதிய கை வலமா இடமா என்றும் கூறலாம். இலியனார்டோ இடக்கைப் பழக்கமுடையவர் என்பதற்கு அவர்தம் சாய்கோடுகளே சான்றாயின. ஓரிடம் மிக நுணுக்கமாகவும் மற்றோரிடம் வெறும் சுழியாகவும் விடப்பட்டிருக்குமாயின், நுணுக்கமாக எழுதிய இடத்தில்தான் அவருக்கு ஐயம் இருந்தது என்று கொள்க. தெரிந்ததை எவரும் இரண்டுமுறை எழுதிப் பார்ப்பதில்லை.

இவ்வகையில் உலகம் அறிந்த ஓர் எடுத்துக்காட்டு பிக்காசோவின் ‘கெர்னிக்கா’ ஓவியம். 1937 ஏப்ரல் 26 அன்று இசுபெயின் நாட்டின் கெர்னிக்கா ஊர் விமானக் குண்டுவீச்சுக்கு இரையாயிற்று. மே 1 அன்று பிக்காசோ நீலத் தாளில் பென்சிலால் முதல் கரட்டுப் படத்தைக் கீறினார். அதிலேயே காளையும் குதிரையும் சன்னல் வழியே விளக்கு நீட்டும் பெண்ணும் வந்துவிட்டனர். சூன் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரமும் ஏழேமுக்கால் மீட்டர் நீளமும் கொண்ட ஓவியம் முடிந்தது. இடையில் அவர் எழுதிய நாற்பதுக்கும் மேற்பட்ட முன்வரைவுகளில் தேதியும் இட்டிருந்தார். பெருந்துணியில் வேலை வளர்ந்த நிலைகளைத் தோரா மார் என்னும் பெண்மணி புகைப்படம் எடுத்து வைத்தார். அவற்றைப் பார்த்தால் வியப்பூட்டும் செய்தி ஒன்று தெரியவருகிறது. தொடக்கத்தில் படத்தின் நடுவே மேல்நோக்கி உயர்ந்த ஒரு முட்டி இருந்தது; அடுத்த நிலையில் அம்முட்டி கதிர்க்கட்டு ஒன்றைப் பற்றியிருந்தது; அதன் பின்னே பெருஞ்சூரியன். பின்னர் முட்டியும் கதிரும் நீக்கப்பட்டன; சூரியன் சுருங்கிக் கண்ணாகி, இறுதியில் மின்விளக்காயிற்று. வெற்றி முழக்கமாகத் தொடங்கியதை ஓவியரே தம் கையால் நீக்கித் துயரை மட்டும் விட்டார். முடிந்த ஓவியத்தை மட்டும் பார்ப்பவர்க்கு இத்தீர்ப்பு தெரியாது. வேளாண்மக்கள் அக்கதிர் இருந்திருக்கலாமே என்று எண்ணக்கூடும். நமக்கு அது நீங்கியதே சரியென்று படுகிறது.

எல்லாரும் பிக்காசோவைப் போல் தம் தேடலை வெளிக்காட்ட விரும்பினாரில்லை. மைக்கலாஞ்சலோ 1564இல் இறக்குமுன் தம் வரைவுகள் பலவற்றைத் தீயிலிட்டார் என்று அவர் வரலாற்றை எழுதிய வசாரி கூறுகிறார். தாம் பட்ட பாட்டை உலகம் காணலாகாது என்பது அவர் எண்ணமாம்.

இனி நம் தறிக்கு வருவோம். நம் மாவட்டத்தில் குறிஞ்சிப்பாடி கைலி நெசவுக்குப் பெயர்பெற்றது. கைலிக் கட்டத்தின் கரட்டுப் படம் படமாகக்கூட இராது. ஒரு சீட்டில் எழுதிய எண்களாகவே இருக்கும். ‘சிவப்பு 12, வெள்ளை 6, நீலம் 24, வெள்ளை 6’ என்று எழுதி, இரண்டு ஆறுகளையும் அடித்துவிட்டு நான்கு என்று திருத்தியிருப்பதாக வைத்துக்கொள்வோம். எதற்காக? ஓரம் நீங்கலாகப் பாவில் 2,860 இழைகள் என்றும் கொள்வோம். முதற்கணக்கில் ஒரு கட்டத்திற்கு 48 இழை. 59 கட்டங்கள் போக 28 இழை எஞ்சிநின்று ஓரத்தில் கட்டம் அறுபடும். திருத்திய கணக்கில் 44 இழை. 65 கட்டங்கள் மீதியின்றி அமையும். இரு ஓரமும் ஒத்துவரும். துணியைப் பார்ப்பவர் வெள்ளைக் கோடு மெல்லியதாக இருப்பது அழகுக்காக என்று நினைப்பர். அடித்துத் திருத்திய சீட்டு இருந்தால் அன்றோ அது ஓரக் கணக்கால் வந்தது என்பது விளங்கும்? சீட்டு தொலைந்தபின் வேறு பாவு அகலத்திற்கு அதே கட்டத்தைக் கொணர முயல்வோர், நான்கு என்ற எண்ணை மாற்றலாகாத விதியாகக் கொண்டு திண்டாடுவர்.

ஜக்கார்டு புட்டாவில் இது மேலும் தெளிவாகும். பண்ருட்டிப் பலாவையே ஒரு புட்டாவாக அமைக்க எண்ணுவோம். அகலம் ஓரங்குலம், உயரம் ஒன்றரை அங்குலம். பாவு அங்குலத்திற்கு 80 இழை, புட்டா ஊடை அங்குலத்திற்கு 60. அப்படியாயின் அகலத்தில் 80 கட்டம், அதாவது 80 கொக்கி. உயரத்தில் 90 வரிசை, அதாவது 90 அட்டை. கடையில் கிடைக்கும் சமசதுரக் கட்டத்தாளில் இதனை எழுதினால் பழம் பருத்துத் தோன்றும். புதிதாகக் கற்பவர் அதனைக் கண்டு பிழையென்று எண்ணி, கண்ணுக்கு நன்றாயிருக்கும் வரை இருபுறமும் குறுக்கி 60 கட்டமாக்கிவிடுவார். துணியில் அது முக்கால் அங்குல அகலமும் ஒன்றரை அங்குல உயரமுமாக நெய்யப்பட்டுப் பலாவுக்குப் பதில் பாகற்காய் விளையும்! தேர்ந்தவர் எட்டுக்கு ஆறு என்ற விகிதத்தில் கோடிட்ட தாளையே எடுப்பார்; அது கிடைக்காவிடில் பருத்த பழத்தைப் பொறுத்துக்கொள்வார். அவர் கரட்டுத் தாளின் ஓரத்தில் 80, 60 என்ற இரண்டு எண்களைக் காண்போமாயின், பழம் பருத்திருப்பது அறிந்தே செய்தது என்று உணர்வோம்.

அடுத்து முட்கள். முதற்படத்தில் சித்திரக்காரர் மரத்தடியில் நின்று கண்டபடி முள் முள்ளாக எழுதியிருப்பார். இரண்டாவதில் அவை பாதியாகும். மூன்றாவதில் அவை சிறு புள்ளிகளாகி ஒழுங்கான சாய்வரிசையில் நிற்கும். இதனைச் சோம்பல் என்று கருதற்க. பழத்தின் உடல் முழுவதும் புட்டா ஊடையால் நிரம்பினால், அவ்வூடை ஓரங்குலம் கட்டின்றி மிதக்கும். வளையலிலும் நகத்திலும் மாட்டி இழுபடும். எட்டு இழைக்கு ஒருமுறையேனும் பாவு அதனைப் பிடித்துக் கட்டுதல் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அங்குலத்தில் பத்திலொரு பங்கு இடைவெளிக்கு ஒரு கட்டுப்புள்ளி தேவை. அப்புள்ளிகளையே முட்களாக ஆக்கிவிட்டால்? நூலைக் கட்டும் புள்ளியும் பழத்தை அழகுசெய்யும் முள்ளும் ஒன்றாகிவிடுகின்றன. மூன்று கரட்டுத் தாள்களையும் வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, இந்த எண்ணம் எந்தத் தாளில் தோன்றிற்று என்பதைச் சுட்டிக்காட்ட முடியும். சிறந்த புட்டாக்கள் பலவும் இவ்வாறு நூலின் தேவையும் கண்ணின் விருப்பமும் சந்தித்த இடத்தில் பிறந்தவை என்பது நம் கருத்து.

ஓவியரும் தறியும் கூடுவதற்கென்றே ஒரு முயற்சி நம் நாட்டில் நடந்தது. 1956 முதல் நெசவாளர் பணி நிலையங்கள் பம்பாய், சென்னை முதலிய இடங்களில் தொடங்கப்பட்டு, ஓவியர்கள் அவற்றில் அமர்த்தப்பட்டனர். சாந்திநிகேதனத்தில் நந்தலால் போசிடம் பயின்ற கே. ஜி. சுப்பிரமணியன், 1959 முதல் 1961 வரை அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புப் பொறுப்பேற்றார். நந்தலாலோ அஞ்சலட்டையில் நாள்தோறும் கண்டதைக் கீறி மாணவர்க்கும் நண்பர்க்கும் அனுப்பும் வழக்கமுடையவர். நம் தமிழகத்தில் சில்பி அவர்கள் கோயில் கோயிலாகச் சென்று சிலைகளின் முன் அமர்ந்து எழுதிய படங்கள் ஆனந்த விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ என வெளிவந்தன. பொருளின் முன் அமர்ந்து கையால் கீறிப் பார்த்தவருக்கே அதன் கட்டமைப்பு விளங்கும் என்பதில் இவர்களிடையே கருத்து வேறுபாடில்லை. இன்று கணினியில் வடிவம் அமைப்போரும் பெருகிவிட்டனர். அதில் குறைகாண வேண்டியதில்லை. ஆயினும் கணினியில் திருத்தினால் பழைய நிலை சுவடின்றி மறைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு நிலையையும் வேறு வேறு பெயரில் சேமித்து வைத்தல் அங்கு இன்றியமையாதது.

கரட்டுப் படத்தை வாசிப்போர்க்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. பென்சிலால் எழுதியிருப்பவை எல்லாம் முதற்கோடுகள் ஆகிவிடா. முடிந்த சேலையைப் பார்த்துப் பின்னர் எழுதிய பிரதியும் பென்சிலில் இருக்கலாம். அதில் தேடிய கோடு இராது. ஒரே சீரான கோடு மட்டும் இருக்கும். வாங்குவோருக்குக் காட்டுவதற்கென்று அழகாகத் தீட்டிய படமும் இவ்வகையில் சேராது. அதில் நூல் கணக்கு இராது. தனக்கென்று எழுதியதில் குறிப்புகள் அரைகுறையாக, சுருக்கெழுத்துப்போல் கிடக்கும். அவையே விலையுயர்ந்தவை, ஆனால் எழுதியவர் உயிரோடு இருக்கும்போதே அவரைக் கேட்டுப் பொருள் எழுதி வைத்தாலன்றிப் பின்னர் விளங்கா. வடிவம் அமைக்கும் முதியவர் ஒருவர் மறைந்தால், சங்கத்திடம் துணி இருக்கும், அட்டைக் கட்டு இருக்கும். ஏன் அப்படி அமைத்தார் என்ற காரணம் அவரோடு போய்விடும்.

எனவே சங்கங்கள் செய்யத்தக்கவற்றைக் கூறுவோம். கரட்டுத் தாள் எதுவாயினும், சிகரெட்டு அட்டையின் பின்புறமேயாயினும், எறியலாகாது. அதன் பின்பக்கத்தில் எழுதியவர் பெயர், தேதி, பாவு ஊடைக் கணக்கு, எந்தத் துணிக்கானது என்பவற்றைப் பென்சிலாலேயே குறிக்க வேண்டும். மை ஈரத்தில் ஊறிப் பரவும். பசைநாடா ஒட்டினால் சில ஆண்டுகளில் பழுப்பேறித் தாளைக் கெடுக்கும். குண்டூசி கடற்காற்றில் துருவேறும். கரியால் எழுதியவற்றின்மேல் மெல்லிய வெள்ளைத் தாள் ஒன்றை இடுதல் நன்று. 2011 திசம்பரில் தானே புயல் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததையும், 2015 வெள்ளத்தையும் கண்ட மாவட்டம் நம்முடையது. பெட்டியைத் தரையில் வையாமல் உயரத்தில் வைக்க வேண்டும் என்று சொல்ல வேண்டியதில்லை.

புதிய வடிவத்திற்கு உரிமை பெற விழைவோர் மற்றொன்றும் அறிதல் வேண்டும். 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்படி பதிவுசெய்தால் முதலில் பத்து ஆண்டும், நீட்டித்தால் மேலும் ஐந்து ஆண்டும் பாதுகாப்புக் கிட்டும். ஆனால் விண்ணப்பிக்குமுன் வடிவம் வெளியாகியிருத்தல் கூடாது. ஆதலின் சந்தையில் விற்றுப் பார்த்துவிட்டுப் பின்னர்ப் பதிவுசெய்யலாம் என்று இருந்துவிடலாகாது. தேதியிட்ட கரட்டுத் தாள் பதிவுக்கு ஈடாகாது. யார் கையில் அது முதலில் தோன்றிற்று என்ற வழக்கு எழுந்தால் துணைச்சான்றாக நிற்கும்.

தாள்களைக் கைபேசியால் படம் எடுத்து வைத்தலும் எளிது. நேர்வெளிச்சத்தில் ஒருமுறையும், விளக்கைத் தாளின் பக்கவாட்டில் தாழ வைத்து ஒருமுறையும் எடுக்க வேண்டும். பென்சில் அழுந்திய தடம் தாளில் சிறு பள்ளமாகத் தங்கியிருக்கும். ரப்பரால் அழித்த கோடும் அந்தப் பக்கவெளிச்சத்தில் நிழலாகத் தெரியும்.